கரித்தொட்டிக்குக் கீழே

முதல் தடவை அவரை அப்படிப் பார்த்தபோது செத்துப்போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. "அண்ணனைச் சோத்துக்குக் கூட்டிட்டு வாங்க" என்று என் வீட்டுக்காரி அனுப்பியிருந்தாள். ஈப்போவுக்குப் பக்கத்து ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அவர் வீடு. அதன் பின்பக்கம் ஒரு பழைய மாட்டுக் கொட்டகை இருந்தது. யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகி, மாடுகள் போய் மோட்டார் வண்டிகள் வந்துகொண்டிருந்த காலம். மச்சான் அந்தக் கொட்டகையைத் தன் பட்டறையாக்கி, கார்களின் மட்காடு, கதவு, இஞ்சின் மூடி இவற்றைக் கழற்றி வரவழைத்து வர்ணமும் வார்னிஷும் பூசிக்கொடுத்து வந்தார்.

நான் உள்ளே போனபோது, சாமான்களைக் கிடத்தி வர்ணம் பூசுகிற நீளப் பலகையில் அவரே மல்லாந்து கிடந்தார். கால்கள் சேர்ந்திருந்தன. கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. கண் மூடியிருந்தது. அவருக்கு நேர் மேலே, உத்திரங்களிலிருந்து நான்கு சங்கிலிகளில், நெடுக்காகப் பிளந்த பாதி இரும்புப் பீப்பாய் ஒன்று தொங்கியது. அதற்குள் கரி கனன்றுகொண்டிருந்தது.

"மச்சான்!" என்று அலறிவிட்டேன்.

"சத்தம் போடாதீங்க மாப்ளே" என்றார், கண்ணைத் திறக்காமல். "எடது காது இன்னும் குளுருது."

பிறகு எழுந்து, ஒரு நீளக் கம்பால் நான்கு கொக்கிகளையும் ஒவ்வொன்றாக உத்திரத்தில் வாசல் பக்கம் ஒரு சாண் தள்ளினார். பலகைக்கு நடுவில் நேராகத் தொங்கிய தொட்டி இப்போது வாசல் பக்கமாக ஒதுங்கித் தொங்கியது. மறுபடி படுத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"வாசக் காத்து அந்தப் பக்கத்துச் சூட்டத் தின்னுடுது. இப்ப ரெண்டு காதும் ஒண்ணா இருக்கு. போலாம், பசிக்குது லா" என்று எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

ஈப்போ பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஒருவர் தலைக்கு மேல் நெருப்பைத் தொங்கவிட்டிருக்கிறார் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நானும் வர்ணக்காரன்தான். டவுனில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் மோட்டார்ப் பட்டறையில் வேலை பார்த்தேன். மழை மாதங்களில் காற்றில் ஊறிக் கிடக்கும் ஈரம் எங்கள் பிழைப்புக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பூசிய வார்னிஷ் நாலு நாளானாலும் காயாமல் பிசுபிசுக்கும். காய்ந்தாலும் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். தரையில் அடுப்பு மூட்டினால் தூசி கிளம்பி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் மூட்டினால் அந்தப் பக்கம் மட்டும் காய்ந்து சுருங்கும். சூடு மேலிருந்துதான் இறங்க வேண்டும். டர்பன்டைன் வாசனை அடங்கிய பிறகே கரியைப் பற்றவைக்க வேண்டும். பீப்பாயின் அடி மூடியிருப்பதால் சாம்பல் விழாது. அதன் வயிறு சூடேறி, அந்தச் சூடு மட்டும் கீழே இறங்கும். இதெல்லாம் யாருக்கும் யோசித்தால் வரும். எந்த உயரத்தில், எந்த இடத்தில் தொங்கவிட வேண்டும் என்பது மட்டும் யோசித்தால் வராது. மச்சான் அதற்காகத்தான் சாமான் படுக்கிற இடத்தில் தான் படுத்துப் பார்த்தார். அதனால் அவருடைய புருவம் எப்போதும் கொஞ்சம் கருகியே இருக்கும்.

எதற்கும் அவரிடம் ஒரே பேச்சுதான். "மொதல்ல நான் அந்த எடத்துல இருந்து பாக்கறேன்." பட்டறைக்கு வெளியிலும் இதுதான்.

செமோர் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், அவர் வேலை பார்த்த காலத்துக் கதை ஒன்றை என் வீட்டுக்காரி சொல்லுவாள். சொல்லுவாள் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை சொல்லுவாள். ரப்பர்ச் சீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டுப் புகைபோட்டுக் காயவைக்கும் கொட்டகையில், மேல்வரிசைச் சீட்டுகள் மட்டும் அடிக்கடி கொப்புளம் போட்டன. விறகு போடுகிறவனைத் தொரை திட்டினார், கணக்கெழுதும் கிராணி திட்டினார், கங்காணி அடிக்கவே போனார். மச்சான் மட்டும் ஒரு கோணிச் சாக்கை நனைத்துப் போர்த்திக்கொண்டு, புகை ஓடும்போதே உள்ளே ஏறி, மேல்வரிசைச் சீட்டுகளுக்கு நடுவில் தானும் ஒரு சீட்டாக நின்றிருக்கிறார். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாக இறங்கி வந்து, "மேல் பலகையில ஒரு விரிசல் இருக்கு. அங்க நெருப்பு நேரா வந்து மூஞ்சில அடிக்குது" என்றாராம். விரிசலை அடைத்தார்கள். கொப்புளம் நின்றது.

"எங்கண்ணனுக்கு அப்ப பதினெட்டு வயசு. அப்பா அம்மா ரெண்டு பேரும் காய்ச்சல்ல போயாச்சு. என்னை லயத்து வரிசையில பக்கத்து வீட்டுல விட்டுட்டு வேலைக்குப் போவாரு" என்று அவள் முடிப்பாள். முடிக்கும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்பதை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எனக்காக அந்த முகம் ஒரு தடவையும் அப்படி ஆனதில்லை.

ஒளிப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வந்து உட்காருவார், அதிகம் பேசமாட்டார், சிரித்தால் சத்தம் வராது. குறை சொல்ல ஒரு பிடியும் கிடைக்காத மனுஷன். குடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு நாள் சாப்பிட வந்தவர், தங்கை புகையில் இருமுவதைக் கேட்டுச் சமையல்கட்டுக்குள் போனார். "நீ எந்திரி பாப்பா. நான் அந்த எடத்துல இருந்து பாக்கறேன்" என்று அவளை எழுப்பிவிட்டு, அடுப்பின்முன் குத்தவைத்து உட்கார்ந்து, பச்சை விறகாக நாலு செருகி ஊதினார். கண்ணீர் வழிய வழிய அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு அடுப்பை இரண்டு முழம் தள்ளிப் போட்டுக் கொடுத்தார். அன்றோடு புகை அவள் முகத்துக்கு வருவது நின்றது.

அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டாள். "பத்து மாசமா இந்த வீட்டுல இருக்கீங்களே, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அந்த அடுப்பு முன்னால குந்திப் பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்கு அடுப்பு முன்னால குந்தணும்? ஆம்பிள இல்ல?"

"எங்கண்ணன் ஆம்பிள இல்லியா?"

வெளியே போய், காரணமில்லாமல் வேலியைச் சரிபார்த்தேன்.

நான் கெட்ட வேலைக்காரன் இல்லை. பட்டறையில் மலாய்க்காரர்கள் என்னைத் 'துக்காங்' என்பார்கள். கைதேர்ந்தவனுக்கு அவர்கள் வைக்கும் பெயர் அது. என் தூரிகைக் கோடு மச்சானுடையதைவிட நேராக இருக்கும். இதை அவரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். ஆனால் நான் பூசிய எதையாவது என் வீட்டுக்காரியிடம் காட்டினால், தலையைச் சாய்த்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்பாள். அண்ணன் பட்டறையிலிருந்து வருகிற சாமான்களைப் பார்த்தால், விரலால் தொடாமல் முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, "ஒரு கொறையும் இல்ல" என்பாள். மூன்று வார்த்தை. அந்த மூன்று வார்த்தையை அவள் வாயால் என் வேலைக்கு ஒரு தடவை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அந்த வருஷங்களில் எனக்கிருந்த ஒரே ஆசை. பிள்ளை வேண்டும், வீடு வேண்டும் என்றுகூட நான் அப்படி ஆசைப்படவில்லை.

நானும் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டேன். மச்சான் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "தொட்டி மாட்டறப்ப சொல்லுங்க மாப்ளே. நான் வந்து படுத்துப் பாத்துத் தாரேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது குத்தியது. "தேவைப்பட்டா சொல்றேன் மச்சான்" என்றேன். தேவைப்படக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அந்த வருஷம் மழை தை மாதம் வரைக்கும் இழுத்தது. டவுனில் வட்டிக்கடை வைத்திருந்த ஒரு செட்டியார் தம் காரின் இஞ்சின் மூடியையும் இரண்டு மட்காடுகளையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு தாமே ஜெலாப்பாங்குக்கு வந்தார். மச்சான் ஊரில் இல்லை. செமோர் தோட்டத்தில் பழைய கூட்டாளி ஒருவர் இறந்து, காரியத்துக்குப் போயிருந்தார். வர ஒரு வாரமாகும்.

"பினாங்குலேருந்து எங்க பங்காளி வாராக. தைப்பூசத்துக்கு முந்தி இது கண்ணாடியா இருக்கணும்" என்றார் செட்டியார்.

"நான் செய்றேன் செட்டியாரே. நானும் அதே தொழில்தான். அவரு என் மச்சான்தான்" என்றேன். கடைசியில் சொன்னதைக் கேட்டுத்தான் அவர் இறக்கி வைத்தார். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

"அண்ணன் கொட்டகையிலேயே வச்சுச் செய்யலாம்ல? தொட்டியெல்லாம் அங்க சரியா மாட்டியிருக்கே" என்றாள் வீட்டுக்காரி.

சரியா! அந்த வார்த்தையைக் கேட்டபிறகு அங்கே செய்வேனா? "என் கொட்டகைக்கு என்ன கொறைச்சல்?" என்று கேட்டுவிட்டு, ஈயச் சுரங்கத்தில் கழித்துக்கட்டிய சாமான்கள் விற்கும் சீனனிடம் போனேன். மச்சான் வாங்கின அதே கடை. அதே பாதிப் பீப்பாய். சுரங்கத்து வாளிகளை இழுக்கிற அதே மாதிரிச் சங்கிலி, நான்கு துண்டு.

வந்ததும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து மச்சானின் கொட்டகைக்குள் நுழைந்தேன். பெட்டிமேல் ஏறி நின்று, உத்திரத்தின் கொக்கியிலிருந்து தொட்டியின் விளிம்பு வரைக்கும் சங்கிலியின் கண்ணிகளை எண்ணினேன். இருபத்திரண்டு. மற்ற மூன்றையும் எண்ணினேன். இருபத்திரண்டு, இருபத்திரண்டு, இருபத்திரண்டு. வாசல் பக்கம் எத்தனை சாண் தள்ளியிருக்கிறது என்பதையும் அளந்துகொண்டேன். இவ்வளவுதானே! இதற்காகவா இந்த ஆள் பிணம் மாதிரி படுத்து ஊரைக் கூட்டினார் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவருடைய வித்தையை மடியில் கட்டிக்கொண்டுவிட்ட சந்தோஷத்தோடு வீட்டுக்கு நடந்தேன்.

என் கொட்டகையில் கண்ணி பிசகாமல் இருபத்திரண்டு வைத்துத் தொங்கவிட்டேன். செட்டியாரின் இஞ்சின் மூடியை இழைத்து, கறுப்பு பூசி, உலரவிட்டு, மறுபடி பூசி, கடைசி வார்னிஷை நான் என் ஆயுளில் பூசாத மாதிரி பூசினேன். ஒரு தூரிகை மயிர் அதில் இல்லை. டர்பன்டைன் வாசனை அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து கரியைப் பற்றவைத்தேன். வெளியே மழை கொட்டியது. வீட்டுக்காரி கதவோரம் வந்து எட்டிப் பார்த்து, "பளபளன்னு இருக்கு" என்றாள். அது எனக்குப் போதவில்லை. காய்ந்தபிறகு வரச் சொன்னேன்.

இரண்டு மணிநேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது மூடியின் நடுவில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

என் மூளைக்கு அப்போதும் எட்டவில்லை. சங்கிலியை மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டுதான். மச்சானின் கொட்டகை மாடு கட்டவும் வைக்கோல் அடுக்கவும் கட்டியது. கூரை அவ்வளவு உயரம். என்னுடையது நான் குனிந்து நுழைகிற தகரக் கொட்டகை. அவருடைய இருபத்திரண்டு என் கூரையிலிருந்து தொங்கினால் தொட்டி சாமானின் மூக்கை உரசும். இதைப் பார்க்கக் கண் இருந்தால் போதும். ஆனால் நான் எண்ணிக்கையைத் திருடிக்கொண்டு வந்தவன். என் கண் அதைவிட்டு நகரவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செட்டியார் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். வேலை எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்தாராம். நேராகக் கொட்டகைக்குள் வந்து மூடியைப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

நான் தொட்டியை அண்ணாந்து பார்த்தேன். வீட்டுக்காரி பின்வாசலில் வந்து நின்றாள். அவள் மூடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. எனக்குத் தெரியும் என்கிற மாதிரி ஒரு பார்வை. அதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அப்போதுதான் மச்சான் வந்தார். செமோரிலிருந்து வந்த துணிமூட்டை இன்னும் கையில் இருந்தது. எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்தார். மூடியைப் பூவைத் தூக்குவதுபோல் தூக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, கனன்றுகொண்டிருந்த தொட்டிக்குக் கீழே பலகையில் ஏறிப் படுத்தார்.

"அண்ணே, என்னாண்ணே இது, செட்டியார் நிக்கிறாரு" என்றாள் தங்கை.

வழக்கமாகக் கால்மணி நேரம் கிடப்பவர், பத்து எண்ணுவதற்குள் எழுந்துவிட்டார். நெற்றி சிவந்திருந்தது. மேலே சங்கிலியைப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. நான் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை எங்கே நின்றன என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருப்பேன் என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அவர் செட்டியாரிடம் திரும்பினார். "தப்பு என் மேலதான் செட்டியாரே. போறப்ப மாப்ளகிட்ட இருபத்திரெண்டு கண்ணி வைங்கன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன். இவரு கூரை தாழ்வுன்னு எனக்கு ஞாபகமில்லாமப் போச்சு. இவரு நான் சொன்னபடிதான் செஞ்சாரு."

"ஒன்னைய நம்பித்தானேப்பா ஊர்ல எல்லாரும் வண்டி அனுப்புறாக?" என்றார் செட்டியார்.

"ஆமாங்க. தைப்பூசத்துக்குள்ள நானே சரிபண்ணித் தாரேன்."

வீட்டுக்காரியின் பார்வை என்னிடமிருந்து எழுந்து அண்ணன்மேல் போய் உட்கார்ந்தது. "ஏண்ணே, எவ்ளோ ஆசையா ராப்பகலா ஒழைச்சாரு தெரியுமா? இப்படியா சொல்லிட்டுப் போவே?" என்று கேட்டாள். எனக்காக அவள் அண்ணனிடம் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. என் வாய் திறக்கவில்லை. பயத்தினால் மட்டும் இல்லை; அவள் என் பக்கம் நின்று பேசுவதைக் கேட்க எனக்கு இனித்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

கொப்புளங்களைச் சுரண்டி, நுரைக்கல் பொடியால் தேய்த்து, அடியிலிருந்து மறுபடி பூசி, தம் கொட்டகையில் காயவைத்து, சொன்ன நாளுக்கு முன்பே மச்சான் முடித்துக் கொடுத்தார். நானும் கூடவே இருந்து தேய்த்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் என் கொட்டகைக்கு வந்து படுத்துப் பார்த்துச் சங்கிலியைத் தூக்கிக் கட்டினார். "ஒங்க கூரைக்குப் பதினாலு" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பதினாலில் காய்ந்த வேலையைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரி முகத்தை அருகில் கொண்டுபோய், "ஒரு கொறையும் இல்ல" என்றாள். மூன்று வார்த்தையும் முழுதாக வந்தன. வாங்கிக்கொண்டேன். ராத்திரி கொட்டகைக்குப் போய் அந்தப் பதினாலையும் மறுபடி எண்ணினேன்.

செட்டியார் பொல்லாதவர் இல்லை. ஆனால் நடந்ததை நாலு இடத்தில் சொன்னார். செட்டியார்கள் ஒருத்தர் கடையில் ஒருத்தர் உட்கார்ந்து பேசுகிறவர்கள். மறதிக்காரனிடம் வண்டியைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? மச்சானின் பலகை காலியாகக் கிடக்கத் தொடங்கியது. அவர்களில் இரண்டு பேர் சொன்னபடி செய்கிறவன் என்று என்னிடம் வந்தார்கள். கம்பெனி வேலையை விட்டேன். வீட்டில் 'எங்கண்ணன்' என்ற பேச்சு நின்றுபோயிற்று. தங்கை சோறு போடுவாள்; அவர் சாப்பிடுவார்; இருவரும் பேசமாட்டார்கள். நான் ஆசைப்பட்டது இதுதானே? ஆனாலும் வெறும் பலகைமேல் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, கெட்ட பேரோடு நிம்மதியாக உட்கார எப்படி முடிகிறது இந்த ஆளால் என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

மழை மறுபடி ஆரம்பிக்குமுன் அவர் தெலுக் ஆன்சனுக்குப் புறப்பட்டார். ஆற்றுப் படகுகளுக்கு வார்னிஷ் பூசுகிற இடத்தில் வேலையாம். "தலை வலிக்குது" என்று தங்கை வழியனுப்ப வரவில்லை. நான்தான் ஈப்போ ஸ்டேஷனுக்குப் போனேன். தொட்டியையும் சங்கிலியையும் கழற்றிச் சாக்கில் கட்டியிருந்தார். அதை வண்டியில் ஏற்றிவிட்டு, "மச்சான், நான் பாப்பாகிட்ட சொல்லிடறேன்" என்றேன். எதை என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"சொல்லாதீங்க மாப்ளே."

"ஏன் மச்சான்?"

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். "ஒங்க எடத்துல நான் படுத்துப் பாத்தேன் லா. சூடு ஜாஸ்திதான்."

வண்டி போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் வயிற்றெரிச்சல் எத்தனை கண்ணி தூரத்தில் தொங்கியது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் போன பிறகு அந்த மாட்டுக் கொட்டகையை நானே எடுத்துக்கொண்டேன். உத்திரத்தில் கொக்கிகள் மட்டும் இருந்தன. என் பலகை அவருடையதைவிட உயரம். இருபத்திரண்டு சரிவராது, பதினாலும் சரிவராது. கேட்க ஆளில்லை. என் தொட்டியைப் புதுக் கொக்கிகளில் மாட்டிக் கரியைப் பற்றவைத்துவிட்டு, வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பலகையில் ஏறிப் படுத்தேன். மல்லாந்து கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு கிடந்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் நெற்றியில் சூடு இறங்கியது, மார்பில் இறங்கியது. முழங்கால் குளிர்ந்தது. எந்த இடத்தில் எவ்வளவு என்று எனக்கே தெரிந்தது. அவ்வளவு சுலபம். இத்தனை வருஷமாக இதைச் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

"எங்கண்ணன் மாதிரியே படுத்திருக்கீங்க" என்று குரல் கேட்டது.

காப்பியோடு வந்து நின்றிருந்தாள். மாதக்கணக்காக அவள் வாயில் வராத வார்த்தை. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகம் போன போக்கைக் கீழே கிடந்து பார்த்தேன். எழுந்திருக்காமல், அப்படியே படுத்தபடி, எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிமேல் ஏறி எண்ணியது, அவர் எதையும் சொல்லிவிட்டுப் போகாதது, ஸ்டேஷனில் சொன்னது, எல்லாம்.

அவள் காப்பியைத் தரையில் வைத்தாள். காலியாக இருந்த பழைய கொக்கி ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்திரிங்க. நெத்தி செவக்குது" என்றாள்.

மறுநாள் காலையில் அண்ணனுக்கு நெத்திலிச் சம்பலும் புதுத்துண்டும் கட்டி எடுத்துக்கொண்டு தெலுக் ஆன்சனுக்குக் கிளம்பினாள். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். ஸ்டேஷனில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி போகப்போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், திரும்பி வருவாள், சோறும் போடுவாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த முகத்தோடு அவள் என்னைப் பார்க்க எந்த ஊருக்கும் ரயிலேறமாட்டாள். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, அவள் இருந்த இடத்தில் மனசால் நான் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்த பிறகும் எனக்கு அந்த ஆள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.